குற்றாலம், தங்கி உடம்பைத் தேற்றிக்கொள்ளும் ஊராக வேண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குற்றாலத்திலும் தென்காசி, இலஞ்சி பக்கத்திலும் லாட்ஜ், பங்களா, சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்கள் பலரோடு கொஞ்ச காலமாகப் பேசி வருகிறேன். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: மூன்று மாதச் சீசனை நம்பி இன்னும் எத்தனை வருஷம் ஓட்டுவது? கேரளாக்காரர்கள் மாதிரி நாமும் சிகிச்சை, ஓய்வு, வெல்னஸ் என்று இறங்கினால் என்ன? இறங்கலாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதில் தெளிவு வேண்டும். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தருகிறேன்.

வருகிற கூட்டத்தையே ஊர் தாங்கவில்லை. இன்னும் ஆள் வர வேண்டும் என்கிறீர்களா?

இல்லை. வருகிறவர்களில் கொஞ்சம் பேராவது தங்க வேண்டும் என்கிறேன்.

சனிக்கிழமை ராத்திரி புறப்பட்ட வேன் விடியற்காலை நாலரைக்கு வந்து நிற்கும். பேரருவியில் ஒரு குளியல், ஐந்தருவியில் ஒரு குளியல், மத்தியானம் செங்கோட்டைப் பக்கம் பார்டர் கடையில் பரோட்டா, சாயங்காலம் பழக்கடையில் பேரம். ஜன்னல் கம்பியில் ஈரத் துண்டு படபடக்க, விளக்கு வைப்பதற்குள் வேன் ஊரைத் தாண்டிவிடும். இருபது பேர் வந்து போன அந்த வேனால் ஊருக்கு மிஞ்சுவது பார்க்கிங் காசும் குப்பையும்தான். அந்த இருபது பேரில் முழங்கால் வலிக்காரப் பெரியவர் ஒருவரும் அவர் மனைவியும் மட்டும் பத்து நாள் தங்கினால் கணக்கே மாறிவிடும். பால்காரர், துணி வெளுப்பவர், கீரை விற்கும் அம்மா, ஆட்டோக்காரர், வைத்தியர் என்று ஐந்தாறு கைகளில் காசு புழங்கும். அருவிக்கோ கூடுதல் பாரம் இல்லை.

அருவித் தண்ணீரில் மூலிகைச் சத்து இருக்கிறது, குளித்தால் நோய் தீரும் என்கிறார்களே. அதைச் சொல்லியே ஆளைக் கூப்பிடலாமே?

எங்கள் ஆச்சி, சாரல் விழுந்த முதல் வாரமே "பித்தம் இறங்கட்டும்" என்று எங்களைக் கூட்டிக்கொண்டு போய் அருவியில் நிறுத்துவார். குளித்து முடித்த அன்றைக்கு அடித்துப் போட்ட மாதிரி தூக்கம் வரும். அந்தச் சுகம் பொய் இல்லை. ஆனால் அதற்குக் காரணம் தேட மூலிகை வரைக்கும் போக வேண்டியதில்லை. குளிர்ந்த நீர் கனமாகவும் சீராகவும் தோளிலும் முதுகிலும் விழுகிறது. இறுகிக் கிடந்த தசை இளகுகிறது. சாரல் காற்று, நடை, வீட்டுக் கவலை இல்லாத ஒரு நாள், இவையெல்லாம் கூடச் சேர்கின்றன. மலையில் மூலிகைகள் உண்டு, அது உண்மை. அவற்றின் சத்து மருந்தளவில் நீரில் கரைந்து நம் தோல் வழியே உள்ளே போய் இன்ன நோயைத் தீர்க்கும் என்று சொல்ல நம்மிடம் ஆதாரம் கிடையாது. ஆதாரம் இல்லாததைப் போர்டில் எழுதக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேரருவியின் தண்ணீர் மேலிருந்து நேராக நம் தலையில் விழுவதில்லை. பாறையில் உள்ள பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் முதலில் விழுந்து, அங்கே வேகம் தணிந்து, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. அந்த இடைத்தட்டு இல்லாவிட்டால் கீழே யாராலும் நிற்க முடியாது. தணிந்து வரும்போதே அத்தனை கனம். அதனால் இதய நோய் உள்ளவர்கள், ரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்கள், கர்ப்பிணிகள், கழுத்தெலும்பு தேய்ந்தவர்கள் நடு அருவியில் தலையைக் கொடுக்கக் கூடாது. "குளித்தால் எல்லாம் சரியாகும்" என்று சொல்லி அனுப்புகிறவர்கள் இதையும் சொல்லி அனுப்ப வேண்டும்.

அப்படியானால் விளம்பரத்தில் என்னதான் எழுதுவது?

உள்ளதை எழுதுங்கள். "ஏழு நாள் தங்கல், பதிவு பெற்ற சித்த மருத்துவர் ஆலோசனை, தொக்கணம், நீராவி, பத்தியச் சாப்பாடு, காலை நடை." இவ்வளவு போதும். (தொக்கணம் என்பது கையால் உடம்பை நீவிவிடும் சித்த மருத்துவச் சிகிச்சை.) "சர்க்கரை நோய் 15 நாளில் குணம்", "குழந்தைப்பேறு நிச்சயம்" என்றெல்லாம் எழுதினால் 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம் பாயும். சர்க்கரை நோய், புற்றுநோய், பக்கவாதம், ரத்த அழுத்தம், மலட்டுத்தன்மை போன்ற நோய்களின் பெயரைச் சொல்லிக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை அந்தச் சட்டம் தடுக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் விளம்பரம் விளம்பரம்தான்.

துரியன் பழம் நமக்குத் தெரிந்த உதாரணம். பிள்ளை இல்லாத தம்பதிகள் அதைத் தேடி வருவார்கள். விலை சொல்லும்போதே விற்பவரின் குரல் தாழும், ஏதோ கோயில் பிரசாதம் மாதிரி. பழம் நல்ல பழம்தான். பழமாகவே விற்கலாம். பத்து வருஷமாகக் குழந்தைக்கு ஏங்குகிறவர்களின் ஏக்கத்தை விலையில் சேர்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஆரோக்கியத்தின் பெயரால் பிழைக்கப் போகிற ஊர் இந்தப் பழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும்.

அருவியில் எண்ணெய்க்குத் தடை. எண்ணெய் இல்லாமல் சிகிச்சை ஏது?

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014-ல் அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு, சீயக்காய் எல்லாவற்றுக்கும் தடை போட்டது. அப்போது நம் வியாபாரத்துக்கு வந்த கேடு என்றுதான் பலர் பேசினார்கள். நான் அதை நமக்குக் கிடைத்த பெரிய உதவி என்றே நினைக்கிறேன். பாறை முழுக்க எண்ணெய்ப் பிசுக்கும் காலடியில் ஷாம்பு நுரையும் இருக்கிற இடத்துக்கு உடம்பைத் தேற்ற யார் வருவார்?

எண்ணெய் அறைக்குள் தேய்க்க வேண்டியது. செய்முறை இப்படி இருக்கட்டும்: காலையில் வெறும் வயிற்றில் இளஞ்சூட்டு எண்ணெயில் தொக்கணம், பிறகு கால் மணி நேரம் ஓய்வு. அறையிலேயே வெந்நீரும் பாசிப்பயற்று மாவும் போட்டு எண்ணெய் போகத் தேய்த்துக் குளியல். அருவிக்கு அன்றைக்கே போகத் தேவையில்லை, மறுநாள் போகலாம். கழுவிய தண்ணீர் நேரே சாக்கடைக்கோ ஓடைக்கோ போகக் கூடாது. குளியலறைக்கு வெளியே இரண்டு தடுப்பு வைத்த சின்னத் தொட்டி கட்டினால் எண்ணெய் மேலே மிதந்து நிற்கும், அடித் தண்ணீர் மட்டும் அடுத்த தடுப்புக்குப் போகும். மேலே நிற்பதை வாரம் ஒரு தடவை வழித்து எடுக்க வேண்டும். கொத்தனார் ஒருவர் இரண்டு மூன்று நாளில் கட்டித் தரக்கூடிய வேலை இது. சிற்றாறு நம் ஊரோடு முடிந்துவிடுவதில்லை, கீழே அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ரிசார்ட்டுக்கு உள்ளேயே சொந்த அருவி இருந்தால் விருந்தாளிக்கு வசதிதானே?

இதற்கு மட்டும் தயக்கமில்லாமல் சொல்கிறேன்: கூடவே கூடாது. ஓடையை மறித்துக் குழாய் போட்டுச் செயற்கை அருவி உண்டாக்கிய தனியார் ரிசார்ட்டுகள் மீது நடவடிக்கை எடுக்க 2022-ல் உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும், பணம் உள்ளவனுக்குத் தனி அருவி, இல்லாதவனுக்கு வற்றிய பாறை என்றால் அது குற்றாலமே அல்ல. கூலி வேலை செய்கிறவரும் கார் வைத்திருக்கிறவரும் ஒரே தண்ணீரின் கீழே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதுதான் இந்த ஊரின் பெருமை. அறைக்கும் மெத்தைக்கும் சாப்பாட்டுக்கும் கை பக்குவத்துக்கும் காசு வாங்கலாம். தண்ணீர் எல்லாருக்கும் உரியது.

மலையடிவாரத்தில் புதிதாகக் கட்டுகிறவர்கள் வாங்கும் இடம் மலைப் பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் உள்ள கிராமத்தில் வருகிறதா, வனத்துறை எல்லைக்கு எவ்வளவு பக்கம் என்று பத்திரம் போடுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். இருக்கிற பழைய பங்களாக்களைச் செப்பனிட்டாலே நமக்குப் போதும்.

சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான். மற்ற மாதங்களில் யார் வருவார்?

முதலில் அந்த மூன்று மாதத்தையே நாம் சரியாகப் பயன்படுத்தவில்லை. ஆரியங்காவு கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக் காற்று சாரலைக் கொண்டுவரும் நாட்களில்தான், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கர்க்கடக மாதம் வருகிறது. நம் ஆடி மாதம் அது. மழையில் உடம்பு சோர்ந்திருக்கும், அப்போது எண்ணெய்ச் சிகிச்சையும் மருந்துக் கஞ்சியும் எடுத்தால் வருஷம் முழுக்கத் தாங்கும் என்பது அவர்கள் வழக்கம். அந்த ஒரு மாதத்துக்காகவே ஆயுர்வேத விடுதிகளில் முன்கூட்டிப் பதிவு செய்கிறார்கள். ஒரே மலை, ஒரே காற்று, ஒரே மாதம். அங்கே அது சிகிச்சைக் காலம், இங்கே வேன் நிறுத்த இடமில்லாத காலம்.

குற்றாலம் ஊட்டி மாதிரி உயரத்தில் இருக்கும் ஊர் இல்லை. அடிவாரம்தான். நம் குளிர்ச்சி சாரல் தருவது. சாரல் நின்றால் வெயில் வெயில்தான். அதனால் வருஷம் முழுக்க ஒரே சரக்கை விற்க முடியாது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழைக்கு அருவி மறுபடி விழும். ஐயப்ப பக்தர்கள் வரும் கார்த்திகை, மார்கழி நெருக்கடி தீர்ந்த பிறகு, தையும் மாசியும் அமைதியான மாதங்கள். மூட்டுவலி, முதுகுவலிக்காரர்களை இரண்டு வாரம் தங்க வைக்க அதைவிடப் பொருத்தமான காலம் இல்லை. வர்மம் (உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகளைத் தொட்டுச் செய்யும் வைத்தியம்), தொக்கணம், ஒற்றடம், வேது (ஆவி பிடித்தல்) எதற்கும் அருவி தேவையில்லையே. சித்திரை, வைகாசியில் பெரும்பாலும் பாறை காய்ந்து கிடக்கும். அந்த இரண்டு மாதம் கூரையைச் சரிபார்க்கவும் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் என்று விட்டுவிடுங்கள்.

சித்தமா, ஆயுர்வேதமா, ஸ்பாவா?

சித்தம். பாசத்தால் மட்டும் சொல்லவில்லை. ஆயுர்வேதம் வேண்டுகிறவர் இங்கே இறங்காமல் நேராகக் கேரளத்துக்கே போய்விடுவார், அங்கே அதற்கு நெடுங்காலப் பெயர் இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் பாளையங்கோட்டையில் 1964-ல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வர்மம் கன்னியாகுமரி, திருநெல்வேலிச் சீமையின் சொத்து. உள்ளே கொடுப்பது 32 வகை, வெளியே செய்வது 32 வகை என்று சித்த மருத்துவம் வகுத்து வைத்திருப்பதில் இந்தப் புற மருந்துகள்தான் தங்கல் சிகிச்சைக்கு ஏற்றவை. நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி, வாரம் இருமுறை எண்ணெய் முழுக்கு என்று நோய் வருமுன் காக்கும் ஒழுக்கமும் அதிலேயே இருக்கிறது. இன்று வெல்னஸ் என்று சொல்வதற்கு நம் வீடுகளில் நாள் கிழமையோடு வழக்கம் இருந்தது: ஆண்களுக்குப் புதன், சனி, பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி.

பரம்பரை வைத்தியர் ஒருவர் இருக்கிறார், நல்ல கைராசி. அவரை வைத்து நடத்தலாமா?

பதிவு பெற்ற மருத்துவர் இல்லாமல் நடத்தக் கூடாது. பரம்பரை அறிவுள்ளவரை மதிப்போடு உடன் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நோயாளியைப் பார்த்து, பழைய மருந்துகளைக் கேட்டு, இவருக்கு இது ஆகும், இது ஆகாது என்று எழுதிக் கையெழுத்துப் போட பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் பட்டம் பெற்ற ஒரு மருத்துவர் வேண்டும். சிகிச்சை தரும் இடமும் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவாக வேண்டும். அது ஆங்கில மருத்துவத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்டால் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியைச் சொல்வேன். மனநோய் தீரும் என்று நம்பி மக்கள் கூடிய ஊரில், எந்தக் கண்காணிப்பும் இல்லாமல் காப்பகங்கள் முளைத்தன. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலை கூரைக் கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். குற்றாலத்துக்கும் புத்தி பேதலித்தவர்களை அருவியில் நிறுத்தக் கூட்டி வரும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அப்படி வருகிறவர்களை லாட்ஜில் வைத்துப் பூட்டாமல் மனநல மருத்துவரிடம் சேர்ப்பது நம் கடமை. நோயோடு வருகிறவர் நம் கையில் தன்னை ஒப்படைத்துவிடுகிறார். அந்த நம்பிக்கைக்கு ஈடாக நம்மிடம் உரிமமும் படித்த மருத்துவரும் ஆம்புலன்ஸ் நம்பரும் இருக்க வேண்டும்.

காலங்காலமாக மசாஜ் செய்து பிழைப்பவர்கள் என்ன ஆவார்கள்?

அவர்களை விட்டுவிட்டு வெளியூரிலிருந்து சீருடை போட்ட ஆட்களைக் கொண்டுவருவது அநியாயம். அருவிக்குப் போகும் வழியில் ஒரு பெஞ்சு, ஒரு எண்ணெய்ச் சீசா, தோளில் ஒரு அழுக்குத் துண்டு, அவ்வளவுதான் அவர்கள் கடை. ஆனால் கட்டைவிரலை முதுகெலும்பின் ஓரத்தில் வைத்து அழுத்திக்கொண்டே வந்து, வலிக்கிற இடத்தில் தானாக நிறுத்தும் அந்தக் கையை எந்த வகுப்பிலும் மூன்று மாதத்தில் கற்றுத்தர முடியாது. அந்தக் கைக்கு வேண்டியது உடற்கூற்றுப் பாடம் கொஞ்சம், எப்போது தொடவே கூடாது என்ற அறிவு, சுத்தம், சான்றிதழ், மாதச் சம்பளம். காய்ச்சலில் தேய்க்கக் கூடாது, புதிதாக எலும்பு முறிந்த இடத்தில் கை வைக்கக் கூடாது, ஒற்றைக் காலில் வீக்கமும் சூடும் இருந்தால் உள்ளே ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம், அதை நீவிவிடவே கூடாது. இதையெல்லாம் மருத்துவர் உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டும்.

பெண்களுக்குப் பெண்கள்தான் செய்ய வேண்டும். அந்த வேலைக்கு உள்ளூர்ப் பெண்கள் வர, கதவு, நேரம், பாதுகாப்பு மூன்றும் வெளிப்படையாக இருக்க வேண்டும். "அது என்ன வேலையோ" என்று வீட்டில் தயங்குகிறார்கள். மருத்துவமனை வேலை மாதிரி நடத்தினால் தயக்கம் போகும்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? பத்தியம் என்றால் ஓடிவிடுவார்களே.

பத்தியம் என்றால் உப்புச் சப்பில்லாத சாப்பாடு என்று யாரோ பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். புழுங்கலரிசிக் கஞ்சி, சிறுபயறு, பிரண்டைத் துவையல், முடக்கத்தான் தோசை, தூதுவளை ரசம். சுடச்சுடப் போட்டால் யாரும் ஓடமாட்டார்கள். பரோட்டா கடைகள் அவர்கள் கூட்டத்துக்கு இருக்கட்டும், நமக்கு அவர்களோடு சண்டை இல்லை. மங்குஸ்தானும் ரம்புட்டானும் சீசனில் கிடைக்கும்போது மாலைப் பலகாரத்துக்குப் பதிலாகத் தட்டில் வையுங்கள்.

வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுகிறார்களே. காசு கட்டி வந்தவர் சண்டைக்கு வரமாட்டாரா?

2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். தண்ணீர் நிறம் மாறுவதைக் கவனிப்பதற்குள் வந்துவிடும். அதனால் தடை போடுகிறவர்களைத் திட்டாதீர்கள். உங்கள் ஏழு நாள் திட்டத்தில் அருவிக் குளியல் "முடிந்த நாளில்" என்று மட்டும் இருக்க வேண்டும். வருகிறவரிடம் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். தடை நாட்களில் சித்திர சபைக்குக் கூட்டிப் போகலாம். நடராசரின் ஐந்து சபைகளில் ஓவியத்துக்கான சபை அது, சுவர்களைப் பார்த்துக்கொண்டே ஒரு காலைப்பொழுது போகும். மலை மேலுள்ள செண்பகாதேவி அருவி, தேனருவிப் பக்கம் வனத்துறை அனுமதியில்லாமல் ஆட்களை ஏற்றி விடுவது மட்டும் வேண்டாம்.

வெளிநாட்டுக்காரர்கள் வருவார்களா?

வரலாம். சித்தம், ஆயுர்வேதம் போன்ற நம் நாட்டு வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு 2023-லிருந்து ஆயுஷ் விசா என்றே தனியாக ஒன்று இருக்கிறது. ஆனால் அவர்களை எண்ணிக் கடன் வாங்காதீர்கள். சென்னை, மதுரை, கொல்லம், திருவனந்தபுரம் இவைதான் நம் வாசல். 1904-ல் போட்ட கொல்லம், செங்கோட்டை ரயில் பாதை 2018-ல் அகலப் பாதையாக மறுபடி திறந்தபின் கேரளத்திலிருந்து வரும் வழி சுலபமாகிவிட்டது.

இப்படி மாறிப் பிழைத்த ஊர் வேறு எங்காவது உண்டா?

சுவிட்சர்லாந்தின் தாவோஸ். இன்று உலகப் பணக்காரர்கள் மாநாடு நடக்கும் இடமாகத் தெரியும். 1853-ல் அங்கே வைத்தியம் பார்க்கப் போன அலெக்சாண்டர் ஷ்பெங்லர், அந்த ஊர்க்காரர்களுக்குக் காசநோய் வருவதில்லை என்று கவனித்தார். 1865-லிருந்து குளிர்காலத்தில் நோயாளிகள் வந்து மாதக்கணக்கில் தங்கினார்கள், ஊர் முழுக்கச் சானடோரியம், அதாவது காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் விடுதி, ஆனது. 1940-களில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வந்ததும் அந்தத் தொழிலின் அடித்தளமே போனது. ஊர் பனிச்சறுக்குக்கும் மாநாட்டுக்கும் மாறிக்கொண்டு தப்பியது. ஒரே நோயின் பெயரில் கடை விரித்தால் என்ன ஆகும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். எங்கள் ஊர் மூட்டுவலி ஊர், சர்க்கரை ஊர் என்று எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டாம்.

ஜெர்மனியில் இன்னொரு பழக்கம் இருக்கிறது. வெந்நீர் ஊற்று ஊர்களில் தங்குகிறவர் ஒவ்வொரு இரவுக்கும் சிறு தொகை ஊருக்குக் கட்டுவார். பூங்கா, நடைபாதை, கழிப்பறை எல்லாம் அதில் நடக்கும். நம் பேரூராட்சியும் தங்கும் அறைக்குச் சிறு கட்டணம் வாங்கி, அதைத் தனிக் கணக்கில் வைத்து, உடை மாற்றும் அறையும் கழிப்பறையும் நாள் முழுக்கச் சுத்தமாக இருக்கச் செலவிட்டால், பெண்கள் அத்தனை பேரும் வாழ்த்துவார்கள். ஈரச் சேலையோடு அந்த அறை வாசலில் கால் வைக்க முடியாமல் நிற்கும் பெண்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன். ஆரோக்கிய ஊர் என்று பெயர் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் அந்த வாசலிலிருந்து தொடங்கலாம்.

என்னிடம் எட்டு அறை உள்ள பழைய லாட்ஜ் இருக்கிறது அண்ணாச்சி. நாளைக்கே தொடங்க என்ன செய்ய?

எட்டையும் மாற்ற வேண்டாம். கீழ்த்தளத்தில் இரண்டு அறை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், முழங்கால் வலிக்காரர் படி ஏறக் கூடாது. குளியலறையில் வழுக்காத தரையும் பிடித்துக்கொள்ளக் கம்பியும் வேண்டும். காலை ஐந்து மணிக்கு வெந்நீர் வர வேண்டும். சாரல் மாதத்தில் துணி காயாது; நான்கு நாள் ஈர வாடை அடிக்கும் அறையில் எந்த நோயாளியும் தேற மாட்டார். அதனால் காற்றோட்டமாகக் கூரைக்குக் கீழே ஒரு கொடிக்கயிறு கட்டுங்கள். குரங்கு வராத ஜன்னல் வலை, ராத்திரி பத்துக்கு மேல் பாட்டுச் சத்தம் இல்லாத பக்கம், வாரம் மூன்று நாள் வந்து பார்க்கச் சம்மதித்த மருத்துவர். முதல் ஆளாக உங்கள் அம்மாவையோ அத்தையையோ ஏழு நாள் அந்த அறையில் தங்க வையுங்கள். எட்டாம் நாள் அவர் என்ன குறை சொல்கிறாரோ அதைச் சரிசெய்துவிட்டுப் போர்டு மாட்டுங்கள்.